சங்கு, பூண்டு, டப்பா

ஹாப்சன்-ஜாப்சன் அகராதியைச் சும்மா புரட்டிக்கொண்டிருப்பது எனக்கு ஒரு கெட்ட பழக்கம். 1886-ல் வந்த புத்தகம். யூல், பர்னல் என்று இரண்டு பேர் தொகுத்தது. இதில் பர்னல் மதராஸ் ராஜதானியில் வேலை பார்த்த சிவில் சர்வீஸ்காரர்; புத்தகம் அச்சாவதற்கு நாலு வருஷம் முன்பே இறந்துபோனார். அதில் 'அமா' என்று ஒரு சொல் இருக்கிறது. பொருள்: பாலூட்டும் தாதி. மதராஸ், பம்பாய் பக்கம் புழங்கும் சொல் என்று போட்டிருக்கிறார்கள். நம்ம 'அம்மா'தான் இங்கிலீஷில் இப்படி ஆகிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். இல்லை. அது போர்ச்சுகீசியச் சொல். 'ஆயா'வும் அப்படித்தான், 'ஆயா' என்பதே போர்ச்சுகீசியத்தில் தாதி. கோவாவிலும் நாகப்பட்டினத்திலும் இறங்கிய போர்ச்சுகீசியர்கள் போய்விட்டார்கள், அவர்கள் வீட்டு வேலைக்காரிகளின் பட்டம் மட்டும் வெள்ளைக்காரத் துரைமார் வீட்டில் தங்கிவிட்டது.

இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு போனதில் வந்து சேர்ந்ததுதான் இந்தக் குறிப்புகள். கேள்வி சாதாரணமானது. தாய்ப்பாலும் கொடுத்து, பத்தாததற்கு வேறு பாலும் கொடுப்பது (இப்போது 'மிக்ஸ்டு ஃபீடிங்' என்கிறார்கள்) புதுசாக வந்த பழக்கமா? "அந்தக் காலத்துல எல்லாம் தாய்ப்பால் மட்டும்தான்" என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அது உண்மையா?

கொடைக்கானலிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அந்த ஊர் உண்டானதே குழந்தைகள் சாவதைத் தடுக்கத்தான் என்று பாதி விளையாட்டாகவும் பாதி உண்மையாகவும் சொல்லலாம். அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்திலிருந்து 1834-ல் மதுரைக்கு வந்தார்கள். வெயிலும் காலராவும் காய்ச்சலும் அவர்களையும் பிள்ளைகளையும் வாரிக்கொண்டு போயின. முதலில் சிறுமலையைப் பார்த்தார்கள், அங்கேயும் காய்ச்சல். பிறகு 1845-ல் பழனி மலைமேல் இரண்டு வீடு கட்டினார்கள், சன்னிசைடு, ஷெல்டன் என்று பெயர். கொடைக்கானல் அந்த இரண்டு வீட்டிலிருந்து வளர்ந்ததுதான். 1875-ல் ரயில் அம்மையநாயக்கனூருக்கு (இன்றைய கொடை ரோடு ஸ்டேஷன்) வந்த பிறகும், மலைமேல் மோட்டார் போக முதல் உலகப் போர்க் காலம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை பெரியகுளம் பக்க அடிவாரத்திலிருந்து டோலி, குதிரை, இல்லாவிட்டால் நடை. கைக்குழந்தையோடு போகிற ஒரு தாய்க்கு அந்த ஏற்றம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வழியில் குழந்தை அழுதால் என்ன கொடுப்பது என்பது அப்போதும் கேள்விதான்.

ராஜதானியின் ஐரோப்பிய வீடுகளில் அதற்கு மூன்று பதில் இருந்தன. மாட்டுப்பால் அல்லது ஆட்டுப்பால், தண்ணீர் கலந்து. அல்லது சீமையிலிருந்து வரும் டப்பா. அல்லது அமா. அமாவுக்கு மற்ற வேலைக்காரர்களைவிடச் சம்பளம் ஜாஸ்தி, சாப்பாடும் நன்றாகப் போடுவார்கள், பால் ஊறவேண்டுமே. ஆனால் அவள் பால் சுரப்பது அவளுக்கும் ஒரு குழந்தை பிறந்திருப்பதால்தான். அந்தக் குழந்தை எங்கே? பெரும்பாலும் அவளுடன் பங்களாவுக்குள் விடமாட்டார்கள். பாட்டியிடமோ சித்தியிடமோ இருக்கும். கஞ்சித் தண்ணி, கிடைத்தால் மாட்டுப்பால். இந்திராணி சென் போன்ற வரலாற்றாய்வாளர்கள் இந்தத் தாதிகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். படித்தால் ஒரு விஷயம் உறைக்கும்: ஒரு வீட்டுக் குழந்தையின் 'சப்ளிமென்ட்', இன்னொரு குடிசைக் குழந்தையின் பங்கு. இதை நான் ஃபார்முலா கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்கச் சொல்லவில்லை, அவர்கள் கதை பின்னால் வருகிறது. ஆனால் டப்பா வருவதற்கு முன்னால் ஒரு பொற்காலம் இருந்தது என்று யாராவது சொன்னால், அமாவின் குழந்தையை நினைத்துக்கொள்வேன்.

நம்ம பக்கம் மட்டும் என்ன? தமிழ் உரையாசிரியர்கள் ஐவகைத் தாயர் என்று ஒரு பட்டியல் தருவார்கள். உரைக்கு உரை பெயர்கள் மாறும், ஆனால் முலைத்தாய் என்று ஒருத்தி வந்துவிடுவாள். பெற்றவள் வேறு, பால் கொடுப்பவள் வேறு என்பது வசதியான வீடுகளில் சாதாரணம். முருகனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு கார்த்திகைப் பெண்கள் பால் கொடுத்து வளர்த்த பிள்ளை. கொடைக்கானலில் குறிஞ்சியாண்டவர் கோயிலிலிருந்து வானம் தெளிவாக இருந்தால் கீழே பழனி தெரியும். (அந்தக் கோயில் 1936-ல் கட்டியது. கட்டியவர் ஆஸ்திரேலியாவில் பிறந்து, இலங்கையின் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து லீலாவதி என்று பெயர் வைத்துக்கொண்ட அம்மையார். தனிப் பதிவே எழுதலாம்.) ஞானசம்பந்தர் கதை இன்னும் சுவாரசியம். சீர்காழிக் குளக்கரையில் அழுத குழந்தைக்கு உமையம்மை பாலைப் பொற்கிண்ணத்தில் கறந்து ஊட்டினாள் என்கிறது பெரியபுராணம். நேரடியாக மடியில் போட்டுக் கொடுக்கவில்லை, கறந்து, கிண்ணத்தில். சம்பந்தர் சிலைகளில் கையில் கிண்ணம் இருப்பது அதனால்தான். இன்றைக்குப் பச்சிளங்குழந்தை வார்டுகளில் சொல்லிக்கொடுக்கும் முறை அதேதான்.

கிண்ணத்துக்கு வீட்டு வடிவம் சங்கு. பாலடை என்றும் பாலாடை என்றும் சொல்வார்கள். முதலில் உண்மையான சங்கைத் தேய்த்துச் செய்தது, பிறகு பித்தளை, வெள்ளி, இப்போது ஸ்டீல். ஒரு பக்கம் குழி, ஒரு பக்கம் மூக்கு. தாய்மாமன் சீரில் வெள்ளிச் சங்கு இல்லாவிட்டால் இன்றும் சில வீடுகளில் முகம் சுளிப்பார்கள். என்னைப் பொறுத்தவரை இந்தப் பொருள்தான் இந்தக் கட்டுரையின் முக்கிய ஆதாரம். எல்லாக் குழந்தையும் எப்போதும் நேரடியாகத் தாயிடம் மட்டுமே குடித்திருந்தால், வீட்டுக்கு வீடு சங்கு எதற்கு?

சங்கு வழியாக என்னென்னவோ போயிருக்கிறது. சேனை வைப்பது என்று பிறந்தவுடன் சர்க்கரைத் தண்ணியோ தேனோ தொட்டு வைப்பார்கள். கழுதைப்பால் கொடுப்பார்கள், தெருத்தெருவாகக் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்து அங்கேயே கறந்து விற்பவர்களை மதுரை, திண்டுக்கல் பக்கத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். வேதியியல்படி பார்த்தால் அது அப்படி ஒன்றும் அபத்தமில்லை. கழுதைப்பாலில் புரதமும் கொழுப்பும் குறைவு, லாக்டோஸ் ஜாஸ்தி; புரதத்திலும் லாக்டோஸிலும் மாட்டுப்பாலைவிடத் தாய்ப்பாலுக்குக் கிட்டத்தில் வரும். 19-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் அனாதைக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பாரோ என்ற டாக்டர் கழுதைகளை வைத்தே குழந்தைகளுக்குப் பாலூட்டினார். ஆனால் காய்ச்சாத பால் காய்ச்சாத பால்தான். கிருமிக்கு ஐதீகம் தெரியாது. இதில் எனக்குப் புரியவே புரியாத ஒன்று சீம்பால். மாடு கன்று போட்டால் சீம்பாலை வெல்லம் போட்டு அவித்து அக்கம்பக்கம் எல்லாருக்கும் கொடுத்து ரசித்துச் சாப்பிட்ட அதே வீடுகள்தான், பெற்ற பெண்ணின் சீம்பாலை 'கெட்டபால்' என்று பீய்ச்சிக் கொட்டின.

பால் பத்தலை என்ற பயமும் பழசு. அதற்கு மருந்து பூண்டு. பழனி மலைக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி பக்கம் விளையும் மலைப்பூண்டு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியது, பழனி பஞ்சாமிர்தம் வாங்கிய அதே வருஷம். பூம்பாறையில் இருக்கும் கோயிலும் குழந்தை வேலப்பர் கோயில் என்பது தற்செயல்தான், ஆனால் எனக்குப் பிடித்த தற்செயல். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு, பூண்டு லேகியம், பாலில் வேகவைத்த பூண்டு.

இதை அமெரிக்காவில் ஒருமுறை சோதித்தே பார்த்தார்கள். ஃபிலடெல்ஃபியாவின் மோனெல் மையத்தில் மெனெல்லா, போஷாம்ப் என்ற இருவர், 1991. தாய்மாருக்குப் பூண்டு மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மணி நேரத்தில் பாலில் பூண்டு வாசம் ஏறியது. குழந்தைகள் வெறுத்து விலகவில்லை; அதிக நேரம் ஒட்டிக்கொண்டு, அதிகமாகச் சப்பின. ஆகா, பாட்டி சொன்னது சரி என்று துள்ளுவதற்கு முன்னால் 1993-ல் அவர்களே செய்த அடுத்த சோதனையையும் படிக்க வேண்டும். ஏற்கெனவே பூண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்த தாய்மாரின் குழந்தைகளுக்கு அந்தக் கூடுதல் ஆர்வம் இல்லை. புதுமை தீர்ந்தால் ஆர்வமும் தீர்ந்தது. தினம் ரசத்திலேயே பூண்டு போடும் வீட்டுக் குழந்தைக்கு அதில் என்ன புதுமை? ஆனாலும் லேகியத்தை நான் குறை சொல்லமாட்டேன். பிரசவமானவளை உட்காரவைத்து நாற்பது நாள் சமைத்துப்போட ஒரு ஆள் இருக்கிறார் என்பதே பாதி மருந்து.

இப்போது டப்பா. 1866-ல் சுவிட்சர்லாந்தில் ஆங்கிலோ-சுவிஸ் கம்பெனி கண்டென்ஸ்டு மில்க் போட ஆரம்பித்தது. அடுத்த வருஷமே ஹென்றி நெஸ்லே பால், மாவு, சர்க்கரை சேர்த்த குழந்தை உணவைக் கொண்டுவந்தார். இரண்டும் பிறகு ஒன்றாகி, 1912-லிருந்து இந்தியாவில் வியாபாரம். மாடு வளர்க்க வசதியில்லாத, ஃபிரிட்ஜ் என்ற பொருளே இல்லாத காலத்தில், தலைச்சுமையாக மலையேற்றினாலும் கெடாத பால் என்பது சின்ன விஷயமில்லை.

விபரீதம் எங்கே வந்தது என்றால், மலாயாவிலும் சிங்கப்பூரிலும். அங்கே நம்ம ஆட்களும் நிறைய இருந்தார்கள், ரப்பர் தோட்டங்களிலும் துறைமுகத்திலும். செவிலியர் மாதிரி வெள்ளை உடுப்புப் போட்ட பெண்களை அனுப்பிக் கம்பெனிகள் டப்பாவை விற்றன. இனிப்பு கண்டென்ஸ்டு மில்க், அதிலும் கொழுப்பு எடுத்தது. கொழுப்போடு வைட்டமின் ஏ-யும் டி-யும் போய்விடும். குழந்தைக்குக் கண் போகும், எலும்பு வளையும், வயிற்றுப்போக்கில் உயிரும் போகும். அங்கே வேலை பார்த்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் பேசினார். தலைப்பு 'பாலும் கொலையும்'. இதற்கு முன் ஆப்பிரிக்கத் தங்கக் கடற்கரையில் குவாஷியோர்க்கர் நோயை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவரும் இவர்தான். அந்தப் பெயரே அங்குள்ள கா மொழியில், அடுத்த குழந்தை பிறந்ததும் பால் மறக்கடிக்கப்பட்ட முந்தைய குழந்தைக்கு வரும் நோய் என்பதைக் குறிப்பது. அவருடைய கோபம் அப்படியே கேட்கப்படவில்லை. அதே விஷயத்தை 1974-ல் லண்டனில் 'குழந்தைக் கொலையாளி' என்ற சிறு வெளியீடு மறுபடி சொன்னது, 1977-ல் நெஸ்லே புறக்கணிப்பு தொடங்கியது, 1981 மே மாதம் உலக சுகாதார மாநாட்டில் விற்பனை நெறிமுறை வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 118, எதிர்ப்பு 1. அந்த ஒன்று அமெரிக்கா.

இந்தியக் கதையில் ஒரு திருப்பம் உண்டு. இங்கே கிடைப்பது எருமைப்பால். கொழுப்பு ஏழு சதவீதம், தாய்ப்பாலைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. புரதம் நாலு மடங்கு. வயிற்றில் கட்டித் தயிராக உறையும். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வகம், வி. சுப்ரமணியன் இயக்குநராக இருந்த 1950-களில், எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவு செய்யும் வழியைக் கண்டுபிடித்தது. ஆனந்தில் அமுல் அதைத் தயாரித்தது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டில் சீமை டப்பா கிடைக்காமல் அலைந்த வீடுகளுக்கு அது பெரிய விஷயம். என் தலைமுறையில் பிறந்த பாதிப் பேர் அமுல் ஸ்ப்ரே டப்பாவைத் தாண்டாமல் வளரவில்லை. பால் தீர்ந்த பிறகு அந்த டப்பாவில் பெருங்காயமோ காப்பித்தூளோ இருபது வருஷம் குடியிருக்கும்.

எங்கள் இரண்டாவது பெண் 34 வாரத்தில் பிறந்தாள். உறிஞ்சி, விழுங்கி, மூச்சு விடுவதை ஒருங்கிணைக்கும் திறமை குழந்தைக்கு ஏறக்குறைய அந்த வாரத்தில்தான் வரும். மனைவிக்குப் பால் மெதுவாகத்தான் ஊறியது. வார்டில் நர்ஸ் கையில் ஸ்டீல் பாலாடையைக் கொடுத்தார். கறந்த பால் முதலில், பத்தாததற்கு ஃபார்முலா. "தாய்ப்பால் குடுக்கலியா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. இரண்டும் கொடுக்கிறோம் என்றால் அது ஏதோ தோல்வியை ஒப்புக்கொண்ட மாதிரிப் பார்ப்பார்கள். நான் வேறென்ன செய்வேன், எக்செல் ஷீட் போட்டேன். மூன்றாவது வாரத்தில் ஒரு நாளைக்கு 240 மில்லி ஃபார்முலா. ஒன்பதாவது வாரத்தில் ராத்திரி ஒரு 60 மில்லி. நாலாவது மாதம் பூஜ்யம்.

அந்த வளைவு ஏன் இறங்கியது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எங்கள் தொழிலில் ஃபீட்பேக் லூப் என்போம். மார்பில் பால் தேங்கினால் சுரப்பு குறையும், காலியானால் கூடும். ஸ்காட்லாந்தில் ஹன்னா ஆய்வகத்துக்காரர்கள் 1980-களில் ஆடுகளை வைத்துக் காட்டினார்கள்: இந்தக் கட்டுப்பாடு ஹார்மோனில் மட்டுமல்ல, அந்தந்த மடியிலேயே இருக்கிறது. ஒரு பக்கம் அடிக்கடி கறந்தால் அந்தப் பக்கம் மட்டும் கூடுகிறது. அப்படியானால் ஃபார்முலா கொடுத்த ஒவ்வொரு வேளையும், ஒரு வேளை கறப்பது தவறினால், உடம்பு 'இவ்வளவு போதும்' என்று கணக்கு எழுதிக்கொள்ளும். பால் குறையும், அதனால் இன்னும் ஃபார்முலா, இன்னும் குறையும். முதலில் மார்பு, பிறகு சங்கு, குழந்தை குடிக்காத வேளைக்குக் கறந்துவிடு என்ற வரிசை இதனால்தான். டப்பா என்பது ஊன்றுகோலாகவும் ஆகலாம், காலை எடுத்துவிடவும் செய்யலாம். எதுவாகிறது என்பது பெரும்பாலும் இந்த வரிசையைச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது.

சங்கா பாட்டிலா என்றும் ஆராய்ந்திருக்கிறார்கள். 1999-ல் இந்திய மருத்துவர்கள் கப், பாலாடை, பாட்டில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். பாலாடையில் குழந்தைகள் குறைந்த நேரத்தில் அதிகம் குடித்தன, அமைதியாகவும் இருந்தன. 2007-ல் இங்கிலாந்தில் செய்த ஆய்வில் தலைகீழ்: அதிகம் சிந்தியது, நேரமும் அதிகம். எனக்கு இரண்டும் உண்மை என்றே படுகிறது. சங்கில் ஊட்டுவது கைப்பழக்கம். ஆனால் கழுவுவது சங்குதான் சுலபம். மூலை முடுக்கு இல்லை, ரப்பர் நிப்பிள் இல்லை.

மலைமேல் இருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி. அங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 93 டிகிரிக்கிட்டவே கொதித்துவிடும். அந்த உயரத்தில் குமிழி வந்ததும் இறக்காமல் மூன்று நிமிஷம் கொதிக்கவிடச் சொல்கிறார்கள். பவுடர் ஸ்டெரைல் கிடையாது. குரோனோபேக்டர் என்று ஒரு கிருமி அபூர்வமாக அதிலேயே இருக்கலாம். அதனால் 70 டிகிரிக்குக் குறையாத தண்ணீரில் கலந்து, பிறகு ஆறவைத்துக் கொடுக்கவேண்டும் என்பது 2007-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. 93 அதற்குத் தாராளம். ஆனால் மலைக் குளிரில் காய்ச்சிய தண்ணீர் சீக்கிரம் ஆறிவிடும், ஃபிளாஸ்க் தேவை. இன்னொன்று, டப்பாவில் போட்ட அளவு போட்ட அளவுதான். டப்பா சீக்கிரம் தீர்கிறதே என்று ஒரு ஸ்பூன் குறைத்துத் தண்ணீர் கூட்டுவது, சிசிலி வில்லியம்ஸ் காலத்திலிருந்து குழந்தைகளை மெலியவைத்த வழி.

சட்டம் 1992-ல் வந்தது, 2003-ல் இறுக்கினார்கள். ஃபார்முலாவுக்கும் பால் பாட்டிலுக்கும் விளம்பரம் கூடாது, டப்பாவில் குழந்தைப் படம் கூடாது, இலவச சாம்பிள் கூடாது. டிவியில் லாக்டோஜென் விளம்பரம் நீங்கள் பார்க்காததற்குக் காரணம் அதுதான். நல்ல சட்டம். ஆனால் தடுப்பது விற்பவரை. பால் பத்தாத தாய்க்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் போடுவது வேறு வேலை. தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது, சொல்லிக்கொடுக்க இதைவிட வாய்ப்பு எங்கே கிடைக்கும்? ஆனால் 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் குடிப்பவை இங்கே 55 சதவீதம் அளவில். நாட்டுச் சராசரி 64. பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் சிசேரியன் என்பதும் இதில் சேர்த்துப் பார்க்கவேண்டிய எண். 2014-ல் அரசு ஆஸ்பத்திரிகளில் தாய்ப்பால் வங்கிகளும், 2015-ல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளும் வந்தன. அமாவின் பாலை அவள் குழந்தையிடமிருந்து பிடுங்காமல், மிச்சத்தை மட்டும் வாங்குவதுதான் வங்கி என்று வைத்துக்கொள்ளலாம்.

வேலைக்குப் போகிற தாய்மார் கணக்கு தனி. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் ஐம்பது பெண்கள் வேலை செய்யும் எஸ்டேட்டில் குழந்தைக் காப்பகம் வைக்கச் சொன்னது. 1961 மகப்பேறு சட்டம் குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை ஒரு நாளைக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை தந்தது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டங்கள் பல சின்னவை; ஐம்பது பெண்கள் ஒரே இடத்தில் வேலை செய்வது அரிது. பூண்டு வயலுக்கோ அந்தத் தோட்டச் சட்டமே கிடையாது, அது தேயிலை, காப்பி, ரப்பர், சிங்கோனா, ஏலம் என்று பட்டியல் போட்ட சட்டம். காலை எட்டு மணிக்குக் களையெடுக்க இறங்குகிறவளின் குழந்தைக்குப் பதினோரு மணிக்குப் பசித்தால், வீட்டில் பாட்டி இருக்கிறாளா, கறந்து வைத்த பால் இருக்கிறதா, டப்பா இருக்கிறதா என்பதுதான் நிலவரம்.

தாண்டிக்குடி எஸ்டேட் காப்பகங்களின் பழைய பதிவேடுகள் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், மலையேறி வந்து பார்க்கிறேன்.